விசர்க் கூட்டம் – 11: மாயாவிக்குக் கரண்ட் இல்லை

இதுவரை: 1972 ஜனவரியில் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி கடல் தாண்டி வந்து யாழ்ப்பாணத்துப் பெடியளைப் பிடித்துக்கொண்டான். அதே எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கொழும்பு கடிவாளம் போட்டது; பழைய பிரதிகளுக்கு மவுசு ஏறியது. சிரித்திரன் சுந்தரின் சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் உள்ளூர்ச் சித்திர நாயகர்களாக நிமிர்ந்தார்கள். எண்பதுகளில் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், டெக், மினி சினிமா, தூரதர்சனைப் பிடிக்கவென்று கூரைக்கு மேலே ஏறிய அன்ரெனாக்கள் என்று ரசிக விசர் பலவகையாய்ப் பெருகியது. சென்ற வாரம் 1990 ஜூனின் வாசலில் நிறுத்தியிருந்தோம்.

* * *

அந்த ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் போனது.

கரண்ட் போவது புதிதல்ல. மழைக்குப் போகும், அடிபாட்டுக்குப் போகும், பிறகு வரும். இந்தத் தடவையும் வரும் என்றுதான் சனம் இருந்தது. ஒரு கிழமை போனது. ஒரு மாதம் போனது. செப்டெம்பரில் இராணுவம் கோட்டையை விட்டு வெளியேறியபோது, கோட்டையைச் சுற்றியிருந்த நகரத்தின் பாதி கற்குவியலாகக் கிடந்தது. இங்கிலீஷ் படங்களுக்குப் பேர்போன றீகல் தியேட்டர் இருந்ததும் அந்த வட்டாரத்தில்தான்.

மின்கம்பங்கள் நின்றன. கம்பிகளில் காகங்கள் இருந்தன. சுண்ணாகம் மின்நிலையத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

1990 ஜூனில் பத்து வயதான ஒரு பிள்ளை, 1995 ஒக்ரோபரில் பதினைந்து வயதாகும்வரை, தன் வீட்டுச் சுவரில் இருந்த சுவிச்சைப் போட்டு ஒரு பல்பு எரிந்ததைப் பார்க்கவில்லை. இத்தொடரில் நாம் பேசிவரும் எல்லா விசரும் பொதுவாகப் பிடிக்கும் வயது அதுதான்.

ஆனையிறவுப் பாதை அடைபட்டது. போக்குவரத்துக்குக் கொம்படி, ஊரியான் என்று தண்ணீருக்குள்ளால் நடந்த வழிகள். அதற்குப் பிறகு கிளாலிக் கடல்நீரேரியில் இரவோடிரவாக ஓடிய வள்ளங்கள். 1993 ஜனவரி 2 இரவு அந்த நீரேரியில் சனம் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகும் வள்ளங்கள் ஓடின. வேறு வழி இருக்கவில்லை.

அந்த வழியால் எது வரலாம், எது வரக்கூடாது என்பதற்கு அரசாங்கத்திடம் ஒரு பட்டியல் இருந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம். இவற்றோடு நம் கதைக்கு முக்கியமான ஒன்று: பற்றரி.

* * *

பென்ரோச் பற்றரி

1989இல் ஜப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் கேம்போய் என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. ரஷ்யரான அலெக்சி பஜித்னோவ் ஆக்கிய டெற்றிஸ் அதனோடு சேர்ந்து உலகைச் சுற்றியது. அந்தப் பெட்டிக்கு நான்கு பென்ரோச் பற்றரி வேண்டும்.

அந்த நான்கு பற்றரியும்தான் இங்கே தடைப்பொருள். வெளிநாட்டில் இருக்கும் மாமா மருமகனுக்கு என்ன விளையாட்டுச் சாமானை அனுப்ப நினைத்தாலும், அது சோதனைச் சாவடியைத் தாண்டி வந்தாலும், உயிர் கொடுக்க ஊரில் ஒன்றுமில்லை. உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் பெருவிரலால் விளையாடக் கற்றுக்கொண்ட ஐந்து வருடம், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கணக்கில் வராமலே கழிந்தது.

செத்த பற்றரியை எறிய ஒருவருக்கும் மனம் வராது. வெயிலில் காயவைப்பார்கள். அடியில் ஆணியால் துளை போட்டு உப்புத்தண்ணீர் விடுவார்கள். அரை மணித்தியாலம் றேடியோ கேட்கும் அளவுக்குச் சில பற்றரிகள் எழுந்துவரும். பிறகு மறுபடி சாகும். இரண்டாம் சாவுக்குப் பிறகும் அவை வீட்டு மூலையில் இருந்தன, ஒருவேளை என்று.

பற்றரி இப்படி ஏமாற்றியதால்தான் சைக்கிள் வீட்டுக்குள் வந்தது.

* * *

மிதித்தால் பாட்டு

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீடு அரிது. பின்சில்லில் உரசிக்கொண்டு சுழலும் ஒரு டைனமோ, முன்னே ஒரு லைற். இரவில் பொலிஸ் மறித்துக் கேட்காமலிருக்கப் பூட்டிய சாமான். ஆறு வோல்ட், மூன்று வாற். அவ்வளவுதான் அதன் சக்தி.

சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டோ, இரட்டைத் தாங்கியில் நிறுத்தியோ, பெடலைக் கையால் சுற்றினால் அந்த மூன்று வாற்றும் வீட்டுக்குள்ளே கிடைக்கும். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் டயோட் வேண்டும், ஒரு கொள்ளளவி வேண்டும். அவை கடையில் இல்லை. பழுதாய்ப் போன இன்னொரு றேடியோவின் வயிற்றுக்குள்தான் இருந்தன.

பாடப்புத்தகத்தில் 'சீராக்கி' என்று ஒரு படம் இருக்கும். நான்கு டயோட்டைச் சாய்சதுரமாக வரைந்திருப்பார்கள். கொழும்பு மாணவனுக்கு அது பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. யாழ்ப்பாண மாணவனுக்கு அன்று இரவு வீட்டில் பாட்டு கேட்குமா கேட்காதா என்ற விஷயம். பௌதிகம் இதைவிட நன்றாகப் படிப்பிக்கப்பட்ட இடம் இலங்கையில் வேறு இருந்திருக்க முடியாது என்பது என் துணிபு.

மிதமிஞ்சிச் சுற்றினால் வோல்ட் ஏறி றேடியோ எரிந்துவிடும். அதற்காக ஒரு பல்பையும் பக்கத்தில் தொடுத்துச் சுமையைப் பங்கு போட்டார்கள். மெதுவாய்ச் சுற்றினால் குரல் தேயும். கசெற் போட்டிருந்தால் இன்னும் கூத்து: சுற்றுபவன் களைக்கக் களைக்கப் பாட்டு இழுபட்டுக்கொண்டு போகும், பாடகியின் குரல் பாடகர் குரலாய் மாறும், வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து அவனைத் திட்டுவார்கள்.

இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. ஆனந்தி அக்காவின் குரல் வரும் நேரம் பார்த்து, சுற்றும் முறைக்கு ஆள் வைத்த வீடுகள் உண்டு. செய்தி முடிந்த பிறகு மிஞ்சும் கைப்பலம் பெடியளுக்கு. அதில்தான் பாட்டு.

இதைச் சின்னச் சம்பவமாக எடுத்துவிடக்கூடாது. றேடியோவையும் கசெற்றையும் திறந்து பார்ப்பது அதற்கு முன்னர் திருத்துபவரின் வேலை; தெருவுக்கு ஒருவர் இருந்தார். பொதுசனம் பட்டனை அமத்தியது, அவ்வளவுதான். இப்போது பட்டனுக்கு வேலையில்லை. பாட்டு வேண்டும் என்றால் மூடியைக் கழற்றத்தான் வேண்டும். கேட்கிறவனும் திருத்துகிறவனும் ஒரே ஆளாய்ப் போனார்கள்.

மோட்டார் வாகனங்களிலும் இதே கதை. பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகையைக் கக்கிக்கொண்டு அவை போன தெருக்களில் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. வைத்தியர்களின் காரும் கலியாணக் காரும் அதே புகைதான்.

* * *

ஜாம்போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு வீரன்

இனி மாயாவியிடம் வருவோம்.

இரும்புக்கை மாயாவி யார் என்பதைத் தொடரின் தொடக்கத்தில் சொன்னோம். இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் 1962 ஒக்ரோபரில் தொடங்கிய கதை; ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கைவண்ணம். நாயகன் லூயிஸ் கிராண்டல் ஆய்வுகூட உதவியாளன். விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பூட்டிக்கொண்டவன். அவன் மறைய வேண்டுமென்றால் ஒன்று செய்தாக வேண்டும்: உயர் அழுத்த மின்சாரத்தில் கையை வைக்க வேண்டும். ஷொக் அடித்ததும் உடல் மறையும், அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

இந்தக் கதையை ஐந்து வருடம் கரண்ட் இல்லாத ஓர் ஊரில் இருந்து வாசித்தால் எப்படி இருக்கும்?

கிராண்டல் ஒவ்வொரு சிக்கலிலும் சுவரைத் தடவிப் பிளக் பொயின்ற் தேடுவான். யாழ்ப்பாணத்துப் பிளக் பொயின்ற்றுக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அவன் வல்வெட்டித்துறையிலோ கொக்குவிலிலோ பிறந்திருந்தால் ஒரு தடவைகூட மறைந்திருக்க முடியாது. சைக்கிள் டைனமோவின் ஆறு வோல்ட்டுக்கு விரல் நகம்கூட மறையாது.

வாசிப்பதற்கு வெளிச்சமும் மண்ணெண்ணெயில் இருந்துதான் வரவேண்டும். மண்ணெண்ணெயோ பங்கீட்டில் சொட்டுச் சொட்டாய்க் கிடைப்பது, வெளியில் வாங்கப்போனால் கையைச் சுடும் விலை. அரிக்கன் லாம்பு குடிக்கிற அளவுக்கு ஊற்ற முடியாது. அதனால் பிறந்தது ஜாம்போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறிய மண்ணெண்ணெய், நடுவில் மெல்லிய திரி. போத்தலே சிம்னி. தட்டுப்பட்டு விழுந்தாலும் எண்ணெய் சிந்தாது. சிக்கன விளக்கு என்று பேர் வைத்தார்கள். ஓ.எல்., ஏ.எல். பரீட்சைகளுக்கு ஒரு தலைமுறையே அதன் முன் குனிந்திருந்தது.

பாடப்புத்தகத்துக்கு நடுவே கொமிக்ஸ் வைத்து வாசிக்கும் கலை உலகப் பொதுவானது. ஆனால் சிக்கன விளக்கின் வட்டத்துக்குள் ஒரு முகமும் ஒரு பக்கமும்தான் அடங்கும். அம்மா அறையின் மறுகோடியில் இருந்தால் அவவுக்குத் தெரிவது பிள்ளையின் நெற்றி மட்டுமே. இருட்டு அந்த ஒரு விஷயத்தில் வாசகனின் பக்கம்.

புதுப் புத்தகம் வரும் வழி அடைந்திருந்தது. ஆகவே இருந்ததுதான் இருப்பு: எழுபதுகளின் மாயாவி, எண்பதுகளின் ஸ்பைடர், டெக்ஸ் வில்லர், ராணி காமிக்ஸின் ஜேம்ஸ் பொண்ட். அட்டை போனவை, கடைசிப் பக்கம் போனவை, நடுவில் நான்கு பக்கம் போனவை. முடிவு தெரியாத கதைக்கு முடிவு சொல்ல ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஓர் அண்ணா இருந்தார். அவர் சொன்னதுதான் முடிவு. சிவகாசியில் வேறு விதமாக அச்சாகியிருந்தால் அது சிவகாசியின் பிழை.

எதிரியையே நாயகனாக்கிய ஸ்பைடரின் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அமெரிக்காவில் தன் படைப்பின் உரிமைக்காக வழக்காடித் தோற்ற மனிதர், பிழைப்புக்காக இங்கிலாந்துக்கு எழுதியவை அவை. அந்தக் கதைகள் சிவகாசித் தமிழில் யாழ்ப்பாணம் வந்து மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் வாசிக்கப்பட்டதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

வரைவதற்குக் கடதாசியும் தட்டுப்பாடுதான். 'உதயன்' பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளிலும் நிறத்தாளிலும் அச்சாகி வந்த காலம். ஒரு பெடியன் மாயாவியின் இரும்புக் கையைப் பார்த்து வரைய ஆசைப்பட்டால், போன வருடத்துக் கொப்பியின் பின்மட்டைதான் கன்வஸ். அந்த மட்டைகளில் ஒன்றாவது எங்கேனும் தப்பியிருந்தால், எம் ரசிக ஓவியத்தின் வரலாறு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

* * *

விடிய விடிய

டெக் சாகவில்லை. விலை ஏறியது.

ஒரு ரி.வி., ஒரு டெக், ஒரு ஜெனரேற்றர், நான்கைந்து கசெற். தலைக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, பெற்றோல் எங்கோ தேடிப்பிடித்து, ஒரு வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். எரிபொருள் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பதால் ஒரு படத்தோடு நிறுத்துவது மடத்தனம். விடிய விடிய ஓடும். மூன்றாவது படத்தில் பாதிச் சனம் பாயில் சரிந்திருக்கும்.

விடுதலைப் புலிகளின் ஆட்சியில் நினைத்த படமெல்லாம் ஓட முடியாது. அவர்களின் தணிக்கைக்குத் தப்பியவை மட்டும். அவர்களுடைய நிதர்சனம் பிரிவு தானே படம் பிடித்து ஊர் ஊராய்க் காட்டவும் செய்தது. ஆக முற்றத்துத் திரையிலும் இரண்டு பக்கத்தின் கத்தரிக்கோலுக்கும் நடுவில் மிஞ்சியதைத்தான் சனம் பார்த்தது: கொழும்பின் தடைப்பட்டியல் ஒருபுறம், உள்ளூர்த் தணிக்கை மறுபுறம். வெறும் பொழுதுபோக்கு என்று எவர் சொன்னாலும், அதைப் பயமில்லாமல் ஒரு தரப்பும் விட்டுவைக்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் வானத்தில் இருந்தது. ஜெனரேற்றர் போடும் சத்தத்தில் பொம்பர் வருவது கேட்காது. உருளைக் குண்டு கொட்டும் விமானத்துக்குச் சனம் 'சகடை' என்று பேர் வைத்திருந்தது. அதற்குக் காது கொடுக்கவென்று ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுப் படம் பார்த்த முற்றங்கள் இருந்தன. காவலுக்கு நின்றவருக்குக் கதை மறுநாள் சொல்லப்படும். சொல்பவர் கைச்சரக்கும் சேர்த்துத்தான்.

வேடம் கட்டும் ஆசைக்குக் கரண்ட் தேவையில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டியின் கடைசியில் வரும் விநோத உடைப் போட்டியும், கோயில் வீதியில் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் நடக்கும் கூத்தும் முன்பே இருந்தவை. மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக மூவாயிரம் தடவைக்கு மேல் தோன்றிய நடிகமணி வி. வி. வைரமுத்து 1989இல் காலமாகியிருந்தார். அவர் விட்டுப்போன வெற்றிடத்தைப் பற்றித் தனியே ஒரு வாரம் எழுத வேண்டும். இங்கே கடந்து போகிறேன்.

* * *

துரும்பு கவிழ்ந்து கிடக்கிறது

கேம் என்றால் திரையில்தான் என்று யார் சொன்னது?

1993 ஓகஸ்டில் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' என்ற சீட்டாட்டம் வெளிவந்தது. கல்லூரி விடுதிகளில் இளைஞர்கள் மேசையைச் சுற்றி இரவிரவாகக் குந்தியிருந்து விதிமுறைகளைப் பற்றி வாதாடினார்கள். உலகம் அதை ஒரு புதுப் பைத்தியம் என்று எழுதியது.

அதே மாதம் யாழ்ப்பாணத்தில் பங்கருக்குப் பக்கத்து மாமர நிழலில் நான்கு பேர் குந்தியிருந்து, விதிமுறைகளைப் பற்றி வாதாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆட்டம் 304.

தெரியாதவர்களுக்காக. சீட்டுக் கட்டில் இரண்டு முதல் ஆறு வரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 32. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குவீனுக்கு 2. எட்டும் ஏழும் வெறும் சீட்டு. ஓரினத்துக்கு 76. நான்கினத்துக்கும் சேர்த்து 304. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள்.

ராசாவும் ராணியும் கீழே கிடக்க ஜாக்கும் ஒன்பதும் உச்சியில் ஏறி நிற்கிற இந்த ஒழுங்கு, ஒல்லாந்தர் ஆடும் யாஸ் குடும்பத்துச் சீட்டாட்டங்களுக்கு உரியது. 1658 முதல் 1795 வரை அவர்கள் இங்கே ஆண்டதை நினைத்தால், கோட்டையோடு விட்டுப்போன இன்னொரு சாமான் இது என்று பலர் சொல்வதை மறுக்கத் தோன்றவில்லை. கோட்டை போரில் சிதைந்தது. சீட்டு நிலைத்தது.

ஆட்டத்தின் உயிர் எங்கே என்றால், முதலில் நான்கு சீட்டுத்தான் கைக்கு வரும். அந்த அரைக்கையை வைத்துக்கொண்டே கேள்வி (ஏலம்) கேட்க வேண்டும். ஆகக் குறைந்தது 160. மொத்தத்தின் பாதி 152 என்பதால், முழுக்கையையும் காணாமலே 'பாதிக்கு மேல் எடுப்போம்' என்று சத்தியம் பண்ணுகிற வேலை அது. கேள்வியை எடுத்தவர் தன் துரும்பைத் தெரிவுசெய்து கவிழ்த்து வைப்பார். எந்த இனம் என்று கூட்டாளிக்கும் தெரியாது. பிறகு மிச்ச நான்கு சீட்டு வரும். அது அவரைத் தூக்கவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும்.

இறக்கிய இனம் கையில் இல்லாதவர் தன் சீட்டையும் கவிழ்த்தே போடுவார். அது துரும்பா வெறும் கழிவா என்று கேள்வியெடுத்தவர் மட்டும் புரட்டிப் பார்ப்பார். ஆக மேசையில் பாதி விஷயம் எப்போதும் முகம் குப்புறத்தான் கிடக்கும். கவிழ்ந்ததை ஊகிப்பதும், விழுந்த சீட்டுகளை நினைவில் கூட்டிக்கொண்டே வருவதும்தான் விளையாட்டு. எண்ணத் தெரியாதவனைக் கூட்டாளியாய் எடுக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள், அது சொந்தத் தம்பியாய் இருந்தாலும்.

நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத ஊரில், தெரியாததை வைத்துக்கொண்டு துணிந்து கேள்வி கேட்கிற ஒரு விளையாட்டு அத்தனை நேரத்தை விழுங்கியது ஏன் என்பதற்கு மனோதத்துவம் எழுதலாம். நான் எழுதப்போவதில்லை. பின்னேரம் நான்கு மணிக்குச் செய்ய வேறு வேலையில்லை, கரண்ட் இல்லை, சீட்டுக் கட்டு மலிவு. பாதி விளக்கம் அதிலேயே முடிந்தது.

மீதிப் பாதி கணக்கு. பிற்காலத்தில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் நாம் பார்க்கப்போகும் அந்தப் பிடிவாதம், விதியைக் கடைசி மயிரிழை வரை துருவும் குணம், இந்த மரநிழலிலும் பழகியதுதான் என்று நான் நம்புகிறேன்.

* * *

கொம்பியூட்டர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. ஊர் முழுவதும் கரண்ட் இல்லாத அதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை ஒன்று தொடங்கியது. ஜெனரேற்றர் ஓடும் நேரம்தான் கொம்பியூட்டரின் நேரம். மீதி நேரம் தாளில் நிரல் எழுதி, தாளிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். எரிபொருள் வீணாகாமல் பிழையை முன்கூட்டியே பிடிக்கிற பழக்கம் அப்படி வந்தது.

கடலுக்கு அப்பால் பிள்ளைகள் கீபோர்ட்டில் சுட்டு விளையாடினார்கள். இங்கே கொம்பியூட்டரை மனதுக்குள் ஓட்டினார்கள்.

2012இல் யாழ் ஐரி ஹப் 'யாழ் கீக் சலெஞ்ச்' என்று ஒரு போட்டியைத் தொடங்கியபோது, கீக் என்ற பேர் ஊருக்குப் புதிது. 2015இல் கொழும்பில் முதலாவது லங்கா கொமிக் கொன் நடந்தபோது, சூப்பர்ஹீரோ உடுப்போடு சனம் வரிசையில் நின்ற படங்கள் யாழ்ப்பாணத்துக் கைத்தொலைபேசிகளுக்கும் வந்தன. இரண்டையும் பற்றி எழுதியவர்கள் வடக்கில் இதெல்லாம் போருக்குப் பிறகு வந்த பழக்கம் என்ற தோரணையிலேயே எழுதினார்கள். டயோட்டைக் கழற்றிச் சீராக்கி கட்டியவனையும், கடைசிப் பக்கம் இல்லாத கதைக்கு முடிவு எழுதியவனையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

* * *

1995 ஒக்ரோபர் 30

ஒக்ரோபர் 17ஆம் திகதி 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஷெல் சத்தம் நாளுக்கு நாள் கிட்ட வந்தது.

30ஆம் திகதி பின்னேரம் வலிகாமம் எங்கும் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஓடின. உடனே வெளியேறுங்கள். தென்மராட்சிக்குப் போங்கள்.

மழை. இருட்டு. செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலம். கோப்பாய்ப் பக்கத்தால் கைதடிப் பாலம். நாலைந்து இலட்சம் சனம் அந்த இரண்டு வழியாலும் ஒரே இரவில் போக வேண்டியிருந்தது. சாதாரண நாளில் ஒரு மணித்தியாலத்துக்குள் சைக்கிளில் போகிற தூரத்துக்கு விடிய விடிய நடந்தார்கள்.

ஐந்து வருடம் வீட்டுக்குள் கவிழ்ந்து நின்று பாட்டு தந்த சைக்கிள் மறுபடி நிமிர்ந்தது. கரியரில் அரிசி, உடுப்பு, பரீட்சைச் சான்றிதழ், வயதான அம்மம்மா. ஹாண்டிலில் பானை. பெட்டி நிறையக் கொமிக்ஸ் வைத்திருந்தவன் அந்தக் கரியரில் எதை இறக்கி எதை ஏற்றியிருப்பான்? அம்மாவிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

டிசெம்பர் 5ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் அரசாங்கம் கொடியேற்றியபோது நகரத்தில் சனம் இல்லை. ரசிகர் கூட்டம் மூன்றாய்ப் பிரிந்திருந்தது. ஒரு பகுதி கிளாலி தாண்டி வன்னிக்குப் போனது. அங்கே இன்னும் பதினான்கு வருட இருட்டு காத்திருந்தது. ஒரு பகுதி கொழும்புக்கும், அங்கிருந்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போனது. கடையில் கேம் விற்கிற ஊர்கள் அவை.

மூன்றாவது பகுதி 1996 ஏப்ரலுக்குப் பிறகு, இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் போன தன் வீடுகளுக்கே திரும்பி வந்தது. கதவு இருந்த வீட்டில் யன்னல் இல்லை. யன்னல் இருந்த வீட்டில் கூரை இல்லை. புத்தக அலுமாரிகளில் கறையான் இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் வரத் தொடங்கியது. முதலில் நகரத்தின் சில பகுதிகளுக்கு, சில மணித்தியாலம். சுவிச்சைப் போட்டால் பல்பு எரிந்தது. சைக்கிள் டைனமோவைக் கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டார்கள்.

ஐந்து வருடம் மூடியைக் கழற்றிப் பழகிய கைகள் இனி என்ன செய்யும்? மறுபடி பட்டனை அமத்திவிட்டுக் கதிரையில் சாயுமா? அல்லது, கப்பலில் வந்து இறங்கத் தொடங்கிய முதல் கொம்பியூட்டர்களின் மூடியையும் கழற்றிப் பார்க்கத் துடிக்குமா?

(அடுத்த வாரம்)